விருந்துக்கும் ஒரு கைப்பிடிச் சுவர்



ஆண்டின் பொதுக்காலம் 22ஆம் ஞாயிறாகிய இன்று, லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தைக் கேட்டோம். பரிசேயர் தலைவர் ஒருவருடைய வீட்டில் விருந்து. முதன்மையான இடத்தைத் தேடி முந்திய விருந்தினருக்கு இயேசு ஓர் அறிவுரை சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. விருந்துக்கு அழைத்தவரையும் பார்த்துப் பேசினார். பதிலுக்கு அழைக்கக்கூடியவர்களை அல்ல, ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழையும் என்றார்.

வேளாங்கண்ணித் திருவிழா நாட்கள் இவை. செப்டம்பர் 8, அன்னையின் பிறப்பு விழா. நம் வீடுகளிலும் உறவினர் கூடுவார்கள். திருமுழுக்கு, புதுநன்மை, புதுமனை விருந்துகளும் அடுத்தடுத்து வரும். ஆகவே ஆண்டவர் விருந்தளிப்பவரிடம் பேசியது நம்மிடம் பேசியதுதான்.

முதலாவது, வரவேற்பு. இதே நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் சீமோன் என்ற பரிசேயர் இயேசுவை உணவுக்கு அழைத்தார். உணவில் குறை இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை. அழைத்தார், வரவேற்கவில்லை. நம் வீடுகளிலும் இது நடக்கிறது. கைம்பெண் என்பதால் சொந்தச் சித்தியே ஓரமாக நிற்கிறார். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். ஒரே திருப்பலியில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்டு வந்து, வீட்டில் தட்டைப் பிரித்து வைத்தால் அந்த நற்கருணைக்கு என்ன பொருள்? லிப்ட் இல்லாத வீட்டில் இரண்டாம் மாடியில் பந்தி போட்டுவிட்டு, முழங்கால் வலியுள்ள பெரியவரிடம் "சாப்பாட்டைக் கீழே கொடுத்தனுப்புகிறோம், தாத்தா" என்று சொல்வது வரவேற்பு ஆகாது. பந்தியைக் கீழே போடுங்கள். அவர் எல்லாரோடும் அமர்ந்து உண்ணட்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. இதெல்லாம் மறையுரையில் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். இணைச் சட்டம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தை எடுத்து வாசியுங்கள். புது வீடு கட்டுகிறவர் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். இல்லாவிட்டால், விழுந்து இறப்பவரின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது திருச்சட்டம். இஸ்ரயேலில் தட்டையான கூரைதான் மக்கள் கூடும் இடம், உறங்கும் இடம். அங்கே ஏறி வருகிறவருடைய உயிருக்கு வீட்டுக்காரர் பொறுப்பு. பாதுகாப்பும் பிறரன்பின் ஒரு பகுதி என்பதைக் கடவுள் அன்றே கற்பித்தார்.

இன்று நம் கைப்பிடிச் சுவர்கள் எவை? மாடிச் சுவர் ஓரம் நாற்காலி போடாதீர்கள், குழந்தைகள் ஏறுவார்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் விளக்கு வயர் நைந்திருந்தால் மாட்ட வேண்டாம். அடுப்பும் சிலிண்டரும் பந்தலுக்கு வெளியே, காற்றோட்டமாக இருக்கட்டும். காலை 10 மணிக்கு இறக்கிய பிரியாணியை மாலை 3 மணி வரை ஆறவிட்டுப் பரிமாற வேண்டாம். சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும். வெளியில் ஆறிக் கிடந்தால் இரண்டு மணி நேரமே அதிகம், நம் வெயிலில் இன்னும் குறைவு. விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான இருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது, மது. "சாமி, கானாவூரில் ஆண்டவரே திராட்சை இரசம் கொடுத்தாரே?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆறு கல்தொட்டிகள், ஒவ்வொன்றும் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 80 முதல் 120 லிட்டர். ஆனால் அந்த அடையாளம் எதற்காக நடந்தது? ஓர் ஏழைக் குடும்பமோ வசதியான குடும்பமோ, அவர்கள் விருந்து நாளில் தலைகுனியக் கூடாது என்று அன்னை மரியா கவலைப்பட்டார். மறுநாள் ஒரு வீடு கண்ணீரில் விழிக்கும்படி ஊற்றிக் கொடுப்பதற்குக் கானாவூரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். வாழ்த்துச் சொல்லப் போன குடும்பத்துக்கே, இரண்டு நாள் கழித்து அடக்கத் திருப்பலி நிறைவேற்றியவன் நான். விருந்து முடிந்து பைக்கில் கிளம்பிய மகன் வீடு போய்ச் சேரவில்லை.

100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்க வண்டி ஓட்டுவது நம் நாட்டில் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் ஓட்டுகிறவரைப் பிடிக்கும். திருச்சட்டமோ கைப்பிடிச் சுவர் கட்டாத வீட்டுக்காரரையும் கேள்வி கேட்கும். குடித்தவரிடம் சாவியைக் கொடுத்து வழியனுப்பாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பாய் விரித்துப் படுக்கச் சொல்லுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து அனுப்புங்கள். குடியை விட்டு மீண்டு வருகிற தம்பியிடம் "இன்றைக்கு ஒரு நாள்தானே, ஒரு வாய்" என்று நீட்டாதீர்கள். அவருடைய மனைவி எத்தனை செபமாலை சொல்லி அந்த நாளைப் பெற்றார் என்பது உங்களுக்குத் தெரியாது. மதுவே இல்லாத விருந்துதான் நம் வீடுகளுக்கு மிகவும் நல்லது என்பது என் தாழ்மையான எண்ணம்.

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் விருந்துக்கு ஏற்பாடு செய்கிற ஒவ்வொரு குடும்பமும் அழைப்போர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். திருப்பிச் செய்ய வழியில்லாத ஒருவர் பெயராவது அதில் இருக்கிறதா? உங்கள் அன்பியத்தில் தனியாக வாழும் ஒரு முதியவரை நேரில் சென்று அழையுங்கள். வந்தவர் எல்லாரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்களா என்று இரவு படுக்கும் முன் விசாரியுங்கள். உங்கள் விருந்து அப்போதுதான் முடிகிறது. கைம்மாறு நேர்மையாளர்கள் உயிர்த்தெழும் நாளில் கிடைக்கும் என்று ஆண்டவரே வாக்களித்திருக்கிறார்.

நம் இல்லங்களில் விருந்தினராக வரும் இயேசு, உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.