‘தோல்’ என்னும் ஆங்கிலத் தொல்வினை

‘தோல்’ என்றொரு வினைச்சொல் ஆங்கிலத்தில் உண்டு. தமிழ்ச் செவிக்கு அது உடலைப் போர்த்த தோலாகவே ஒலிக்கும், பொருளோ வேறு. வந்த துன்பத்தை மாற்ற வழியில்லாதபோது, அதைத் தாங்கி நிற்றல் என்பதே அதன் பொருள். படகில் துடுப்பைத் தாங்க நடும் முளைக்கும் இதே பெயர் உண்டு. ஒலியால் ஒன்றாயினும் அது பிறப்பால் வேறு சொல். அகராதிகள் இவ்வினையின்மேல் ‘பழவழக்கு’, ‘வட்டார வழக்கு’ என்ற இரு முத்திரைகளைக் குத்தி வைத்துள்ளன. இவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற சொல்லைக் கவிஞர்கள் எளிதில் கடந்து போகலாகாது.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘தோலியன்’. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் கதையொன்றில், வைக்கோல் வண்டி சேற்றில் சிக்க, குதிரைகளைத் திட்டித் தீர்க்கும் வண்டிக்காரன் வாயில் இச்சொல் வருகிறது. பின்னர் தென் இங்கிலாந்து இதை மெல்லக் கைவிட்டது, ஸ்காட்லாந்து கைவிடவில்லை. 1785இல் ராபர்ட் பர்ன்ஸ், தம் ஏர்முனை சிதைத்த எலிவளையைக் கண்டு பாடியபோது, வீடிழந்த அச்சிற்றுயிர் பனிக்காலத்தைத் தாங்கவேண்டிய நிலையை இவ்வினையாலேயே சொன்னார்.

இச்சொல்லுக்கு நம் காலத்தில் மறுவாழ்வு தந்தவர் ஷேமஸ் ஹீனி (1939–2013). வட அயர்லாந்தின் டெரிப் பகுதியில், கத்தோலிக்க உழவர் குடும்பத்தில் பிறந்தவர். முன்னோர் பேசிய ஐரிஷ் கைநழுவிப் போயிற்று. கையில் இருந்ததோ ஆண்டவர்களின் ஆங்கிலம். இரண்டும் பகைமொழிகள் என்றே இளமையில் அவருக்குப் பட்டது. அந்நிலையில், ‘பேவுல்ஃப்’ காப்பியத்தின் சொல்லடைவில், இன்று வழக்கொழிந்த ஓர் எழுத்தை முதலாகக் கொண்ட ‘தோலியன்’ என்ற சொல்லைக் கண்டார். முதற்பார்வைக்கு முற்றும் அயலானது. சற்றே நோக்கியபின், அது தம் ஊர்ப் பெரியவர்கள் நாள்தோறும் பேசிய சொல் என்று தெரிந்தது. எதிர்பாராத சாவு நேர்ந்த வீட்டாரைப் பற்றி அவருடைய அத்தை இச்சொல்லைத்தான் சொல்வாராம்: அவர்கள் இனித் தாங்கப் பழகவேண்டியதுதான் என்ற பொருளில்.

பல்கலைக்கழகம் ஏடுகளில் காத்துவந்த சொல்லை, அந்த அத்தை பேச்சிலேயே காத்து வந்திருக்கிறார். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியோர் வாயிலாக அது அல்ஸ்டர் வந்தது. நிலம் இழந்த ஐரிஷ் மக்கள் வாயிலும் புகுந்தது. அங்கிருந்து கடல் கடந்து அமெரிக்கத் தென்பகுதிக்கும் சென்றது. அப்பகுதிக் கவிஞர் ஜான் குரோ ரான்சமின் பாட்டிலும் அதைக் கண்டு ஹீனி மகிழ்ந்தார்.

1999இல் வெளிவந்த அவருடைய ‘பேவுல்ஃப்’ மொழிபெயர்ப்பின் தொடக்கத்திலேயே, தலைவனின்றி டேனியர் பட்ட துயரைக் கூறுமிடத்தில், இவ்வினை அமர்ந்திருக்கிறது. மூலத்தில் அவ்விடத்தில் இருப்பது ‘தோலியன்’ அன்று; ‘ட்ரேயோகன்’ என்னும் வேறொரு வினையின் இறந்தகால வடிவம். எனவே இது சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பன்று. சாவு வீட்டைப் பார்த்து அத்தை சொன்ன சொல்லைக் காப்பியத்துக்குக் கொடுத்திருக்கிறார். பழஞ்சொல்லை அணிக்காகப் பூட்டுவதற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. தொல்காப்பியர் திசைச்சொல்லுக்குச் செய்யுளில் இடம் வகுத்ததை நினைவில் கொண்ட அவைக்கு இது புதிதன்று.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘சகித்தல்’ மெலிந்தது. ‘பொறுத்தல்’ அருகில் வருகிறது. பொறை என்றால் சுமை. பொறை என்றால் பொறுமை. ஆங்கில வினையின் வேரும் சுமத்தலே. வடமொழி வழியாக நாம் பெற்ற ‘துலாம்’ அதே வேரிலிருந்து கிளைத்தது. ஆனால் நம் பொறுத்தலில் மன்னிப்பும் கலந்திருக்கிறது; அந்த அத்தையின் சொல்லில் மன்னிக்கப்பட வேண்டியவர் எவருமில்லை. அன்றியும், ‘கொஞ்சம் பொறு’ என்னும் பேச்சில் அது வெறும் காத்திருத்தலாகத் தேய்ந்துவிட்டது. பொருளால் முற்றும் பொருந்துவது ‘நோன்றல்’. வள்ளுவர் தவத்துக்கு இலக்கணம் கூறுகையில் முதலில் வைத்த சொல் அது. ஆயினும் அது இன்று ஏட்டில்தான் இருக்கிறது. வாயில் எஞ்சியிருப்பது ‘நோன்பு’ மட்டுமே. இழவு கேட்கப் போகும் பெண்கள் திண்ணையில் அமர்ந்து, ‘என்ன செய்ய, தாங்கித்தான் ஆகணும்’ என்கிறார்களே, அந்தத் ‘தாங்கு’ என்னும் சொல்லையே இங்குத் தேர்ந்துகொள்ளத் தோன்றுகிறது.