பிள்ளையின் சொல்லுக்குக் காது கொடுப்போம்!

(போடிநாயக்கனூரில் மில் தொழிலாளர், ஏலத்தோட்டத் தொழிலாளர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறீர்கள். பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறீர்கள். மில்லில் ஷிப்டு பார்ப்பவர் நிலையும் இதுதான். அதுவரை பிள்ளையை யார் பார்ப்பது? நாம் பிள்ளையைத் தனியே விடுவது அலட்சியத்தால் அல்ல, வயிற்றுக்காக! இதை நன்கு அறிந்தவன்தான் அந்தப் பிள்ளையைக் குறி வைக்கிறான். அவன் பெரும்பாலும் அந்நியன் அல்ல. மிட்டாய் வாங்கித் தருபவன், அவசரத்துக்குக் கடன் கொடுப்பவன், நாம் "அண்ணே" என்று கூப்பிடுபவன்.

யாருக்குப் பயிற்சி?

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயது நிரம்பாத ஆண், பெண் பிள்ளைகள் அனைவரையும் காக்க வந்தது. அதிகாரிகளுக்கும் போலீசாருக்கும் பயிற்சி தர வேண்டும் என்று அதன் 43வது பிரிவு சொல்கிறது. நல்லது, தரட்டும்! ஆனால் பிள்ளையின் முகவாட்டத்தை முதலில் பார்ப்பவர் அதிகாரியா? இல்லை. பக்கத்து வீட்டு அக்காள், உடன் வேலை செய்யும் தோழி, ஜீப் ஓட்டும் தம்பி. ஆகவே பயிற்சி நமக்கும் வேண்டும்.

மூன்று பாடங்கள்

ஒன்று: காது கொடுங்கள். கலகலப்பான பிள்ளை வாயடைத்துப் போனால், ஒருவனைக் கண்டு ஒதுங்கினால், அதட்டாதீர்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லது கண்ணு, உன்மேல் குற்றமில்லை" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்டு வதைக்கவும் வேண்டாம்.

இரண்டு: மூடி மறைக்காதீர்கள். விவரம் அறிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதவருக்கும், புகாரைப் பதியாதவருக்கும் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவன் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. ஊர்ப் பஞ்சாயத்தில் பணம் பேசி முடிப்பது நியாயமல்ல, பிள்ளையை விற்பது!

மூன்று: "சம்பவம் கேரளத்தில் நடந்தது, அங்கே போ" என்றால் நகராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, எந்த இடத்துக் குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாமல், இயன்றவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் எழுத வேண்டும். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. உதவிக்கு 1098 என்ற எண் உண்டு. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

வாச்சாத்தி சொல்லும் பாடம்

"ஏழை சொல் அம்பலம் ஏறுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள்! 1992 ஜூன் 20 அன்று, அரசாங்க உத்தியோகஸ்தர்களே அங்கே 18 பெண்களைச் சீரழித்தார்கள். பள்ளி வயதுச் சிறுமியும் அதில் உண்டு. அவர்கள் வாய் திறந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் பக்கத்தில் நின்றது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

நீதி வர 19 ஆண்டு ஆயிற்று. ஆனால் ஏழையின் சொல் அம்பலம் ஏறியது! காரணம், ஊர் அந்தப் பெண்களைப் பழிக்கவில்லை, கூட நின்றது.

தோழர்களே! தோட்டந்தோறும் பிள்ளைக் காப்பகம் கேட்போம். கேட்டுப் பெறும் வரை, ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் காவலாவோம். நாளைக் காலை ஜீப்பில் இந்த மூன்று பாடங்களையும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது!