குதிரை சிதைந்ததா?



கட்டுரையாளர்களின் நேரத்தைத் தலைமை உரை தின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. ஆகவே ஒரே ஒரு வழக்கை மட்டும் முன்வைக்கிறேன். கெல்ட்டியர் வெள்ளிக்காசுகளில் ஓடும் குதிரையை, கிரேக்கக் குதிரையின் சீரழிந்த நகல் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. அந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டும் என்கிறேன்.

மூலம் எது என்பதில் தகராறு இல்லை. மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் குதிரை கி.மு. 356-இல் ஒலிம்பியாப் பந்தயத்தில் வென்றது. அவன் அடித்த நான்கு திராக்மா வெள்ளிக்காசின் முன்பக்கத்தில் ஜீயஸ் தலை. பின்பக்கத்தில் பேரீச்சங்கீற்று ஏந்திக் குதிரைமேல் அமர்ந்த இளைஞன். டான்யூப் கரைக் கெல்ட்டியர் அதைப் பார்த்துத் தாமும் அடித்தார்கள். போகப்போகக் குதிரைக்காரன் தேய்ந்தான்; சிலவற்றில் இடுப்புக்கு மேல் மட்டும் மிஞ்சினான், சிலவற்றில் காணாமலே போனான். குதிரை நின்றது. அதன் மூட்டுகள் உருண்டைகளாயின, முகம் அலகுபோல் நீண்டது, உடலைச் சுற்றிச் சக்கரமும் புள்ளிகளும் முளைத்தன.

பிரித்தானியக் காசுகளைப் பற்றி 1864-இல் நூல் வெளியிட்ட ஜான் எவன்ஸ், இத்தகைய உருமாற்றங்களை வரிசைப்படுத்தியே காலம் கணித்தார். அருமையான முறை, இன்றும் நமக்கு உதவுகிறது. அந்த வரிசையைச் சரிவாகப் படித்ததில்தான் கோளாறு.

வெள்ளி குறைந்ததையும் உருவம் மாறியதையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டோம். பிரித்தானி வட்டாரத்துக் கெல்ட்டிய இனத்தாரான கோரியோசோலிட்டர்களின் காசைப் பாருங்கள். வெள்ளியோடு செம்பைத் தாராளமாகக் கலந்த மட்டமான உலோகம். ஆனால் அதில் மனிதத் தலையோடு பாயும் குதிரையைச் செதுக்கிய கை தேர்ந்த கை. 2012-இல் ஜெர்சித் தீவில் கிடைத்த புதையலில் ஏறத்தாழ 70,000 காசுகள். பெரும்பாலானவை இந்த இனத்தாருடையவை. உலோகம் தாழ்ந்தபோது கலையும் தாழ்ந்தது என்ற வாதம் அந்தக் குவியலுக்கு முன் நிற்காது.

இயல்பான உருவம் செதுக்கத் தெரியாததால்தான் மாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. மற்றொரு கெல்ட்டிய இனத்தாரான போயர்கள் கி.மு. முதல் நூற்றாண்டில் இன்றைய பிராட்டிஸ்லாவாப் பகுதியில் ‘பியாடெக்’ என்று லத்தீன் எழுத்தில் பொறித்த பெரிய வெள்ளிக்காசை அடித்தார்கள். அதில் ரோமானியக் காசைப் பார்த்துச் செய்த தலைகளும், இயல்பான குதிரைவீரனும் உண்டு. வேண்டியபோது அவர்களால் அப்படியும் செய்ய முடிந்தது.

இன்னொன்று, நம் பார்வையின் குறை. பல காசுகளில் அச்சு பெரிது, அது பதியும் உலோக வில்லை சிறிது. குதிரையின் தலை ஒரு காசில் விழும், வால் வேறொன்றில் விழும். ஒற்றைக் காசைக் கையில் வைத்துக்கொண்டு செதுக்கியவனைக் குறைசொல்வது நியாயமில்லை. ஒரே அச்சில் பிறந்த பல காசுகளைச் சேர்த்து முழு உருவத்தை வரைந்த பிறகுதான் அவன் திறமையைப் பேச நமக்கு உரிமை.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். காசின் எடை, உலோகச் சேர்க்கை, கிடைத்த இடம், அச்சின் முழு வரைபடம் ஆகிய நான்கையும் அவையில் வையுங்கள். ‘சிதைந்த உருவம்’ என்று எழுதியிருந்தால், வாசிக்கும் முன் அதை அடித்துவிடுங்கள்.