முஸாஃபிர் முகீமாகும் நாள்

(உயர்கல்விக்காக ஜெர்மனி செல்லும் மாணவர்களை வழியனுப்பும் நிகழ்ச்சியில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



உலகப் பயணி இப்னு பதூதா 1325ஆம் ஆண்டு தமது 21ஆம் வயதில் தாஞ்சியர் நகரைவிட்டுப் புறப்பட்டார். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊர் மக்கள் வெளியே வந்து, தத்தமக்கு அறிமுகமானவர்களை ஸலாம் கூறி வரவேற்றனர். அவரை அறிந்தவர் அங்கு எவருமிலர், ஸலாம் கூறுவாருமிலர். அவர் தேம்பி அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, ஊருக்குள் நுழையும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டு வந்தார். பின்னாளில் டில்லியில் காழியாகப் பணியாற்றியவரும், நம் மதுரைவரை வந்து சென்றவரும் அவரேயாவார்.

ஆகவே மாணவர்களே! முதல் வாரத்தில் உங்கள் கண்கள் கலங்கினால் அது கோழைத்தனமன்று. ஆனால் அந்நிலையிலேயே நின்றுவிடலாகாது. முஸாஃபிருக்குத் தொழுகையில் சலுகை வழங்கும் ஷரீஅத், அதற்கு எல்லையும் வகுத்துள்ளது. சென்ற ஊரில் நான்கு முழு நாட்கள் தங்க நாடினால் ஷாஃபிஈ மத்ஹபிலும், பதினைந்து நாட்கள் தங்க நாடினால் ஹனஃபி மத்ஹபிலும் அவர் முகீம், அதாவது அவ்வூரில் தங்கியவர் ஆகிவிடுகிறார். ஈராண்டுகள் தங்கச் செல்லும் நீங்கள் வழிப்போக்கரைப் போல வாழ்வது எவ்வாறு தகும்?

முகீமாவது என்றால் என்ன? அவ்வூரின் ஒழுங்கை அறிந்து நடப்பது. ஜெர்மனியில் குடியேறிய இரு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் சட்டப்படி அடைக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமை இரவு சென்று இறங்குவோர் கையில் உணவு வைத்திருப்பது நலம். இரவு பத்து மணிக்குமேல் உரத்துப் பேசுவது அண்டைவீட்டாருக்கு இடையூறாகக் கருதப்படுகிறது. குப்பையை வகை பிரித்தே போட வேண்டும். இவற்றை அந்நியரின் கெடுபிடி என எண்ணாதீர்கள். அண்டைவீட்டாரின் உரிமையை நமது மார்க்கம் போதிக்கவில்லையா?

அங்கு ஆசிரியரிடம் மாணவர் வினா எழுப்புவதும் மாற்றுக் கருத்துரைப்பதும் மரியாதைக் குறைவன்று. மௌனமே அக்கறையின்மையாகத் தோன்றக்கூடும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் பயின்ற இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோர் எத்தனையோ மஸ்அலாக்களில் தம் ஆசிரியருடன் கருத்து வேறுபட்டனர். கண்ணியத்தில் ஒருபோதும் குறை வைக்கவில்லை. அந்த அதபுடன் வினவுங்கள்.

ஊருக்கேற்ப மாற வேண்டியவை உள, மாறக்கூடாதவையும் உள. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பெர்லினில் காலை 8 மணிக்குப் பின்னரே சூரியன் உதித்து, மாலை 4 மணிக்கு முன்னரே மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வகுப்பு நேரங்களிலேயே வந்து சேரும். எனவே முதல் வாரத்திலேயே தொழுவதற்கு ஓர் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்புப் பண்டங்களிலும் பன்றியின் ஜெலட்டின் சேர்ந்திருக்கலாம். உறையைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள். மறுக்க வேண்டியதைப் புன்முறுவலுடன் மறுத்தால் எவரும் பகைவராகார்.

பெற்றோர்களே! மணிக்கொருமுறை தொலைபேசியில் அழைத்து அழாதீர்கள். பிள்ளையின் உள்ளம் ஊரிலேயே தங்கிவிட்டால், அங்கு அவன் முகீமாவது எப்போது?

இறுதியாக, ஜமாஅத்தார்களே! நம் பிள்ளைக்கு அந்நிய நாட்டில் யாரேனும் ஒருவர் ஸலாம் கூற மாட்டாரா என ஏங்குகிறோம். வடமாநிலங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து, நம் பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பில் தொழுதுவிட்டு மௌனமாக வெளியேறும் இளைஞர்களும் ஒரு தாயின் பிள்ளைகளே. நம்மில் எத்தனை பேர் அவர்களின் பெயரைக் கேட்டிருக்கிறோம்? வரும் ஜும்ஆவிலேயே அவர்களிடம் முந்திக்கொண்டு ஸலாம் கூறுவோமாக!

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், சென்ற இடத்தில் நல்லோரின் தோழமையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.