வலியை வாயு என்று தள்ளலாமா?

(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசும் இந்த மேடையில் இன்று பித்தப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தொழிலாளிக்கு உடம்புதானே முதல்? முதல் போனால் கூலி ஏது?

வலது விலாவின் கீழ், கல்லீரலுக்கு அடியில், சிறு பை ஒன்று இருக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீர் அதில் சேர்ந்திருக்கும். மங்கில் பால் உறைவதுபோல அந்நீர் கெட்டித்துக் கல்லாவதுண்டு. பெண்களுக்கு, குறிப்பாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு, இது அதிகம். கல் வழியை அடைத்தால் மேல்வயிற்றில் வலி பிடித்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும். எண்ணெய்ப் பலகாரம் தின்ற இரவில் பெரும்பாலும் வரும். சில மணி நேரத்தில் தானே அடங்கும்.

அடங்கிவிடுவதால்தான் நாம் ஏமாறுகிறோம். வாயு என்று ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுகிறோம். வலி மறுபடி வந்தால் டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுக்கவேண்டும். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலும், கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுந்தேத்தண்ணீர் நிறமானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பித்தக் குழாய் அடைபட்டுக் கிருமி பரவினால் உயிருக்கே ஆபத்து.

அறுவை என்றதும் அஞ்சவேண்டாம். வலி தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. தொல்லை தரும் கல்லுக்குப் பையையே எடுத்துவிடுவதுதான் சரியான தீர்வு. பெர்லினில் 1882-ல் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாக அதைச் செய்தார். 1985-ல் ஜெர்மனியின் எரிக் மூஹே சிறு துளை வழியே எடுத்துக் காட்டினார். இன்று பெரும்பாலும் துளை வழிதான். பை போனாலும் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலுக்கு இறங்கும். புண் ஆறியபின் பழையபடி பால் வெட்டலாம். வாளி தூக்க எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"கூலி போகுமே" என்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்கினால் வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. வேலை செய்த காலத்துக்கு ஏற்ப 14, 18, 22 நாள் என்ற நோய் லீவு, 2023 ஜனவரி முதல் இதில் கழிக்கப்படுவதில்லை. டாக்டர் சீட்டு அவசியம். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். தவறினால் சொல்லாமல் நின்றதாகவே கொள்வார்கள்.

ஆகவே, கிராணிமாராகிய நாம், செக்ரோலில் "வரவில்லை" என்று எழுதுமுன், "ஏன் வரவில்லை? சீட்டு எங்கே?" என்று வீட்டுக்கு ஆளனுப்பிக் கேட்போம். வெட்டுக்காரத் தோழர்களே, தாய்மார்களே! வலியை மறைத்து மரத்தடிக்குப் போகாதீர்கள். சட்டம் தந்த நாளைக் கேட்டு வாங்குங்கள். சங்கம் உங்கள் பக்கம் நிற்கும்.