சேற்று நிலமும் செல்வமே
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

சதுப்பு நிலம் என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? கொசு, சேறு, நாற்றம்! "மண்ணைக் கொட்டி மேடாக்கினா நாலு வீடாவது கட்டலாமே" என்றுதான் பேசுகிறோம். ஆனால், அந்தச் சேற்றைக் காப்பதற்கென்றே உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. ஈரானில், காஸ்பியன் கடலோரத்து ராம்சார் நகரில், 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் 18 நாடுகள் அதற்கு உடன்பட்டன. ஆகவே அதற்கு ராம்சார் ஒப்பந்தம் என்று பெயர்.

"நம்ம ஊர்ச் சேற்றுக்கு உலக ஒப்பந்தம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குளிர்காலம் நெருங்கியதும் சைபீரியாவிலிருந்து கரையோரப் பறவைகள் ஆஸ்திரேலியா வரை பறக்கின்றன. வழியில் நம் கடலோரச் சேற்றுத் திடல்களில் இறங்கி இரை தேடுகின்றன. அவற்றுக்கு ஏது பாஸ்போர்ட்? இடையிலே ஒரு சத்திரத்தை மூடிவிட்டால் பயணமே கெட்டுவிடும். ஒரு நாடு மட்டும் காத்துப் பயனில்லை.

பறவைக்கு மட்டுமா பயன்? மழை வெள்ளத்தைச் சதுப்பு நிலம் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்ல விடுகிறது. பக்காவ் மரங்களின் வேர்களுக்கிடையே இறாலும் மீனும் குஞ்சாக வளர்கின்றன. நாம் சந்தையில் வாங்கும் மீனுக்கு அதுதான் தொட்டில்!

மலேசியா 1994-இல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. முதலில் பட்டியலில் இடம்பெற்றது பகாங்கின் தாசேக் பெரா ஏரி. அங்கே செமெலாய் பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தும், கெருயிங் மரத்தின் எண்ணெய் எடுத்தும் வாழ்ந்து வருகிறார்கள். 2003-இல் ஜொகூரின் தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், சுங்கை பூலாய் ஆகிய மூன்றும் சேர்ந்தன. பிறகு கூச்சிங்கும் சபாவின் கினாபாத்தாங்கானும் இடம்பெற்றன. மனிதரை விரட்டிவிட்டு வேலி போடச் சொல்வதல்ல இந்த ஒப்பந்தம். அறிவோடு பயன்படுத்துங்கள் என்பதே அதன் கொள்கை.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஒப்பந்தத்துக்குப் போலீஸ் கிடையாது, அபராதம் கிடையாது. கெட்டுவரும் இடங்களைத் தனிப் பட்டியலில் போட்டு உலகுக்கு அறிவிக்கலாம், அவ்வளவுதான். தஞ்சோங் பியாய் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. பட்டியலில் இருந்தும் அதன் கரையை அலை அரித்து, மரங்களைச் சாய்த்திருக்கிறது. காகிதம் அலையைத் தடுக்குமா? பக்கத்தில் வாழும் மக்கள் கவனித்து, கேள்வி கேட்டு, கன்று நட்டால்தான் கையெழுத்துக்கு உயிர் வரும்.

மாணவர்களே! ஆண்டுதோறும் பிப்ரவரி 2 உலகச் சதுப்பு நில நாள். அன்று ஆசிரியருடன் பக்கத்து ஆற்றங்கரைக்கோ குட்டைக்கோ போங்கள். என்ன பறவை, என்ன மீன், என்ன செடி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் போய்ப் பாருங்கள். எது குறைந்தது என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தவன்தான் கேட்பான், கேட்பவன் இருந்தால்தான் நிலம் நிலைக்கும்.

பரிசு பெறும் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.