கைப்பேசி அழைப்பும் களத்திற்கு வரும் கால்களும்



1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கண்டார். நம் குரலை அச்சிடுவார் இல்லாமையால் நாமே அச்சிட்டோம். இன்றோ அச்சுக்கூடம் ஒவ்வோர் இளைஞனின் சட்டைப்பையிலும் இருக்கிறது. அதன் ஆற்றல் யாது, எல்லை யாது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உடனடியாகக் கைது செய்வதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. அதை எதிர்த்து ஏப்ரல் 2இல் நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. பெரிய கட்சி எதுவும் முன்னின்று அழைக்கவில்லை. வாட்ஸ்அப், முகநூல் வழியாகவே அழைப்பு பெரிதும் பரவிற்று. வட மாநிலங்களில் உயிர்கள் பலியாயின. இளைஞர் பலர்மீது வழக்குகள் பாய்ந்தன. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1இல் நீதிமன்றமும் தன் ஆணைகளைத் திரும்பப் பெற்றது. 2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டவர்களும் கைப்பேசி வழியே கூடியவர்களே. அங்கே ஒரு வாரத்திற்குள் அவசரச் சட்டம் வந்தது. நமக்கோ முழுதும் தீர ஒன்றரை ஆண்டு! ஏன் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எனினும், செய்தியைப் படித்தவர் அனைவரும் தெருவுக்கு வந்துவிடுவதில்லை. 1964இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதியச் செய்யும் பணிக்கு மாணவர் பலர் பெயர் கொடுத்தனர். அவருள் சென்றவர் யார், பின்தங்கியவர் யார் என டக் மெக்ஆடம் என்னும் சமூகவியலறிஞர் பின்னாளில் ஆராய்ந்தார். கொள்கைப் பற்று இரு சாராரிடமும் இருந்தது. நெருங்கிய நண்பர் உடன்வரப் பெற்றவரே மிகுதியும் சென்றனர். நம் தெருவிலும் அப்படித்தான். ஆயிரம் பேருக்குச் செய்தி போகலாம். வாசலில் வந்து நின்று, "தம்பி, நானும் வருகிறேன், புறப்படு" என்று சொல்ல ஓர் அண்ணன் வேண்டும்.

அந்த அண்ணன் தடுக்கவும் வேண்டும். 2019 ஏப்ரலில் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழித்துப் பேசிய குரற்பதிவு வாட்ஸ்அப்பில் பரவிக் கலவரம் மூண்டது. அத்தகையதைப் பகிர்ந்த பிள்ளைமீது வழக்கு விழுந்தால், அரசு வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் அது முன்னே வந்து நிற்கும். பத்தாண்டுப் படிப்பு ஒரு விரல் தட்டலில் போய்விடலாகாது.

விழா முடிந்த மறு ஞாயிறு மாலை, சங்கப் படிப்பகத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக வாசிக்க இருக்கிறோம். ஆளுக்கொரு நண்பரை அழைத்து வாருங்கள். கைப்பேசியும் கொண்டு வரலாம். ஒலியை மட்டும் அடக்கி வையுங்கள்.